நவம்பர், மாலை நாலரை

என் திரையில் ஜூலை கிடையாது.
சூரியனை நகர்த்தும் பட்டியை
நவம்பர் மாதம், மாலை நாலரையில் நிறுத்தியவள்
ஒன்பது வருஷமாக அதைத் தொடவில்லை.
நிழல்கள் நீளமாய் விழும். கண்ணாடி தேன்நிறத்தில் எரியும்.
யாருக்கும் வியர்க்காது.

தோஹா, நஜ்மாவில் ஓர் அறை, இரண்டு திரைகள்.
வெளியே ஏசித் தண்ணீர்
கீழே பக்காலாவின் தகரத்தில் சொட்டித் தாளம் தப்பும்.
உள்ளே நான்
இரண்டாயிரத்து நாற்பதைத் தயாரித்துக்கொண்டிருப்பேன்.

'மனிதர்கள்' என்றொரு கோப்புறை.
நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
காபிக் கோப்பையோடு ஒருத்தி,
மெல்லோட்டம் ஓடுகிற ஒருவன்,
தோப் அணிந்த இருவர் (எல்லா ஊருக்கும்
அவர்கள்தான் உள்ளூர்க்காரர்கள்).
எவருக்கும் அவசரமில்லை. பெரும்பாலும் முதுகு.
எதிர்காலத்துக்குள் போகிறவர்கள்
திரும்பிப் பார்க்கக் கூடாதென்பது
எங்கள் தொழிலில் யாரும் எழுதாத விதி.

சிவப்புப் பலூன் பிடித்த சிறுமி ஒருத்தியும் உண்டு.
எண் இருநூற்று ஆறு.
காலியிடம் எங்கே உறுத்துகிறதோ அங்கே வைப்பேன்.
குவைத்தில் ஒரு கடற்கரை,
மனாமாவில் வணிக வளாகம்,
ரியாத்துக்கு அப்பால் கார்களே இல்லாத ஒரு நகரம்,
எல்லாவற்றிலும் நடந்துவிட்டாள்.
பாதி, காகிதத்தைத் தாண்டவில்லை.
அவளுக்கு இன்னும் ஆறு வயசு.
அவளைவிடச் சின்னவளாய் நான் விட்டுவந்த என் மகளுக்கு
பல்லில் கம்பி போட்டிருக்கிறார்களாம்,
சிரிக்க மாட்டேனென்கிறாள் வீடியோ அழைப்பில்.

ஒருமுறை, வம்புக்கு,
ஆரஞ்சு மேல்சட்டை போட்ட ஒருவனை
நடைபாதை ஓரம் உட்கார வைத்தேன்.
மஞ்சள் வட்டமிட்டுத் திருத்தம் வந்தது:
'வேலையெல்லாம் முடிந்த பிறகு
எடுத்த படம் போல இருக்கட்டும்.'
ஒரு சொடுக்கு.
அவன் இருந்த இடத்தில் லாவெண்டர்.

இந்த மார்ச்சில் அலுவலகம் புதுக் கருவி வாங்கியது.
வரைய வேண்டாம், சொன்னால் போதும்.
எல்லோரும் போன பிறகு தட்டிப் பார்த்தேன்:
வளைகுடா நகரம். வருங்காலம். குடும்பங்கள்.
இருபது விநாடி.
கேட்காமலே நவம்பர் வந்தது.
கேட்காமலே நாலரை.
தேன்நிறக் கண்ணாடி, ஆலிவ் மரங்கள், முதுகுகள்,
கூட்டத்தின் நடுவே
அவள்.
முகம் கொஞ்சம் கரைந்திருந்தது. உயர்த்திய கையில் ஆறு விரல்.
தலைக்கு மேல் பலூன்.
நூலை மட்டும் காணோம்.

எங்கள் படங்களைத்தான் தின்றிருக்கிறது.
நேற்று நாங்கள் சமைத்த நாளையை
சூடுபண்ணிப் பரிமாறுகிறது.

ஃபாதி விரல்களை எண்ணிச் சரிசெய்தான்.
நூலை அவன் கவனிக்கவில்லை.
நான் சொல்லவில்லை.
அச்சாகிப் போனது:
நாற்பது மீட்டர் நீளம், ஆள் உயரத்துக்கு மேல் ஓர் ஆள் உயரம்,
லுசைல் சாலையோரம்
தோண்டிய குழியைச் சுற்றி.

ஜூலையில் ஒருநாள் இரண்டு மணிக்கு
டாக்சி அந்தப் பக்கம் போனது. நிறுத்தச் சொன்னேன்.
வெயிலுக்காகச் சட்டப்படி வேலை நிறுத்தியிருந்த நேரம்.
பலகையின் பின்னால், இரண்டு முழ நிழலில்
தலைக்கவசத்தைத் தலைக்குக் கொடுத்து
ஏழெட்டுப் பேர் வரிசையாய்த் தூங்கினார்கள்.
நான் நட்ட ஆலிவ் மரங்களின் நிழல்
மொத்தமும் அந்தப் பக்கம்தான் விழுந்திருந்தது.

முன்பக்கம் வந்தேன்.
பலூனின் அடியில் யாரோ ஆணி அறைந்திருக்கிறார்கள்.
ஆணியில் கொத்தனார் கட்டும் மஞ்சள் நூல்.
நூலின் நுனியில் பித்தளைத் தூக்குக்குண்டு,
சிறுமியின் கைக்கு மிகச் சரியாக நேரே
தொங்கிக்கொண்டிருந்தது.

லாரியொன்று கடந்தது. குண்டு அசைந்து,
மறுபடி நேராகி நின்றது.
பிடித்துப் பார்த்தேன்.

கை சுட்டது.